இரண்டாம் நம்பர் பொட்டலம்

மார்ச் 3

டாக்டரம்மாவுக்கு,

நீ நலமா? நான் நலம் என்று எழுதினால் நீ நம்பப்போவதில்லை, அதனால் அதை விட்டுவிடுகிறேன்.

"போன்ல பேசினா நீங்க பேரம் பேசுவீங்க. ஏதாவது சொல்லணும்னா தாள்ல எழுதி அனுப்புங்க" என்று சொல்லிவிட்டு நீ போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. இத்தனை நாள் எழுதாததற்குக் கோபம் காரணமில்லை. பில்லைத் தவிர வேறு எதையும் எழுதி எனக்குப் பழக்கமில்லை. இந்தத் தாளிலும் கை தானாகவே 'வரிசை எண்' என்று கோடு போடப் பார்த்தது.

விஷயத்துக்கு வருகிறேன். நம்மிடம் பழுப்பு நிற பாட்டில் வாங்குகிற சத்து மாத்திரைக் கம்பெனிக்காரர் போன வாரம் கிடங்குக்கு வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, கண்ணுக்குக் கீழ பை தொங்குது, சரக்கே ஏத்தலாம் போலிருக்கே" என்றார். தூக்கம் பிடிக்கவில்லை என்றேன். மறுநாளே ஒரு பாட்டில் அனுப்பிவைத்தார். அபிஜெனின் என்று பெயர். ஏதோ வெள்ளைப் பூவிலிருந்து எடுக்கிற ஃபிளேவனாய்டு என்கிற சத்தாம். தினம் ஒன்று போட்டால் தூக்கம் வருமாம், போகப் போக வயசாவதே மெதுவாகுமாம். அவரும் ஒரு வருஷமாகப் போடுகிறாராம். அவர் தலை போன தடவை பார்த்ததைவிட இப்போது இன்னும் பளபளப்பாக இருக்கிறது. அதனால் வயசு விஷயத்தில் எனக்குச் சந்தேகம்தான்.

பாட்டில் நம்முடையது. மூடி, உள்சீல் எல்லாம் முதல் தரம், அதற்கு நான் பொறுப்பு. உள்ளே இருப்பதற்கு யார் பொறுப்பு? மருந்து படித்தவர்களில் எனக்குத் தெரிந்த ஆள் நீ ஒருத்திதான். போடலாமா, வேண்டாமா? அதை மட்டும் எழுது, போதும்.

நீ நன்றாகத் தூங்குகிறாயா?

பாட்டில்காரன்


மார்ச் 11

ஐயா,

கடிதம் கிடைத்தது. நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். முப்பது வருஷமாகச் சொல்கிறேன்.

நான் வேலை பார்க்கிற மருந்துக் கடைக்கு வருகிற யாருக்கும் சொல்வதைத்தான் உங்களுக்கும் சொல்கிறேன். அபிஜெனின் கெமோமில் என்கிற அந்த வெள்ளைப் பூவிலும் பார்ஸ்லி, செலரி மாதிரி இலைகளிலும் இருக்கிற பொருள். வயசாவதை மெதுவாக்கும் என்ற பேச்சு பெரும்பாலும் எலிகளிடமிருந்தும் ஆய்வுக்கூடக் கண்ணாடிக் குழாயிலிருந்தும் வந்தது. தூக்கத்துக்கு அந்தப் பூவின் சாற்றை வயதானவர்களுக்குக் கொடுத்துச் சில சின்னச் சோதனைகள் செய்திருக்கிறார்கள். சிலருக்குக் கொஞ்சம் பலன் தெரிந்திருக்கிறது. தனி அபிஜெனின் கேப்சூலைப் பற்றி மனிதர்களிடம் உறுதியாகச் சொல்ல இன்னும் போதுமான ஆதாரம் இல்லை. லேபிளில் இருக்கிற பெரிய எழுத்தை நம்பாமல் சின்ன எழுத்தைப் படியுங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு.

இதைவிட முக்கியம், காலில் ரத்தம் கட்டியதற்கு நீங்கள் சாப்பிடும் ரத்தம் இளக்கும் மாத்திரை. அதோடு இந்தப் பூச்சரக்கு சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். டாக்டரிடம் கேட்காமல் ஒன்றுகூடப் போடக் கூடாது.

கேட்டுவிட்டேன் என்று நீங்கள் எழுதினால் போதாது. என் மருந்தாளுநர் பதிவைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நோட்டீசைப் பழைய ஃபைலில் செருகி வைத்துவிட்டு, "அப்படி எதுவும் வரலையே" என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் நீங்கள். பதிவு காலாவதியாகி, நான் மருந்தாளுநரே இல்லை என்று ஆகி, மூன்று வருஷம் கழித்துத்தான் அந்தத் தாள் என் கையில் கிடைத்தது. அதற்குப் பிறகுதான் மறுபடி பதிந்துகொண்டு இங்கே வந்தேன். அதனால் டாக்டர் கையெழுத்தோடு சீட்டு வேண்டும்.

நன்றாகத் தூங்குகிறேன்.

மருந்தாளுநர்


மார்ச் 19

மருந்தாளுநர் அம்மாவுக்கு,

டாக்டர் சீட்டை இதோடு வைத்திருக்கிறேன். முத்திரையோடு இருக்கிறது, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொள். அவரும் நீ சொன்னதையேதான் சொன்னார், ஆனால் உன்னைப் போலத் திட்டாமல் சொல்லிவிட்டு, ரத்த மாத்திரை இப்போது இல்லாததால் ஒரு மாசம் போட்டுப் பார்க்கலாம் என்று எழுதிக் கொடுத்தார். அந்த ரத்த மாத்திரையை நிறுத்தி எட்டு மாசம் ஆகிறது. உனக்குத் தெரிய வாய்ப்பில்லை. நிறுத்திய அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யாரும் இல்லை. மறுநாள் கடை நாள்காட்டியில் 'மாத்திரை நின்றது' என்று எழுதிவைத்தேன். அந்தத் தாளை இன்னும் கிழிக்கவில்லை. இத்தனை மாசம் கடந்துவிட்டது, கடைக்கு வருகிறவர்கள் தேதி பார்த்துக் குழம்புகிறார்கள்.

இப்போது ஒரு யோசனை. புதுக் கம்பெனி மூடி வந்தால் நான் என்ன செய்வேன், உனக்குத் தெரியும். பழைய மூடியையும் புது மூடியையும் ஒன்று, இரண்டு என்று மட்டும் எழுதி, எது எது என்று சொல்லாமல் பாட்டில் நிரப்புகிறவர்களிடம் கொடுப்பேன். ஒழுகுகிறதா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். அதே மாதிரி இதையும் செய்வோம். கம்பெனிக்காரர் பாட்டிலை உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். பதினைந்து கேப்சூலில் சரக்கு அப்படியே இருக்கட்டும். பதினைந்தில் கொட்டிவிட்டு மாவு நிரப்பு. எது எது என்று உனக்கு மட்டும் தெரிந்தால் போதும். எலிக்குப் பதிலாக நான்.

மகள் போன் செய்தாள். "அம்மாவுக்கு லெட்டரா எழுதுறீங்க? ஸ்டாம்ப்பெல்லாம் இன்னும் விக்கறாங்களாப்பா?" என்று அரை மணி நேரம் சிரித்தாள். கடைசியில் அழுகிற மாதிரி குரல் வந்தது. சளி என்றாள்.

பாட்டில்காரன்


ஏப்ரல் 2

ஐயா,

சீட்டைப் பார்த்தேன். டாக்டருக்கு போன் போட்டும் கேட்டுக்கொண்டேன்.

உங்கள் யோசனையில் முதல் தடவையாகக் கொஞ்சம் அறிவியல் இருக்கிறது. அதனால்தான் சம்மதித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க மேஜையில் பேப்பரை விரித்து, கேப்சூலை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்து மாவு நிரப்பினேன். நான் இருப்பது தையல் கடைக்கு மேல் அறை. கீழே மெஷின் ஓட ஓட இங்கே மேஜை ஆடும். ஒரு கேப்சூலை மூடுவதற்குள் மூன்று உருண்டு ஓடிவிடும். கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து தேடினேன். ஐம்பத்தேழு வயதில் எனக்கு இது தேவையா என்று கேட்டுக்கொண்டேன். சிரிப்பும் வந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு காகிதப் பொட்டலம் இருக்கிறது. முதலில் ஒன்றாம் நம்பர், தினம் ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு. பதினைந்து நாள். பிறகு ஐந்து நாள் எதுவும் வேண்டாம். பிறகு இரண்டாம் நம்பர். எழுந்தவுடன் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்று எழுதிவைக்க வேண்டும். உடம்பில் தடிப்போ தலைசுற்றலோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். உங்கள் இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது.

மருந்தாளுநர்


ஏப்ரல் 24

டாக்டரம்மாவுக்கு (பழக்கம், மன்னித்துக்கொள்),

ஒன்றாம் நம்பர் முடிந்தது. கணக்கு தனித்தாளில் இருக்கிறது. ஆறரை மணி நேரம், ஆறேகால், ஏழு, ஆறே முக்கால் என்று அமோகமாகப் போயிருக்கிறது. தடிப்பு இல்லை, தலைசுற்றல் இல்லை. காலையில் கிடங்கைத் திறக்கும்போது பாட்டு முணுமுணுக்கிறேன் என்று மூட்டை இறக்குகிறவர்கள் கிண்டல் செய்கிறார்கள். "முதலாளிக்கு என்ன ஆச்சு, நிறுத்தச் சொல்லுங்க, காது வலிக்குது" என்று ஒருத்தன் சொன்னான்.

எழுந்ததும் உனக்கு எழுத வேண்டும் என்ற நினைப்பு வருகிறது பார், அது நன்றாக இருக்கிறது. முன்பெல்லாம் செருப்பை மாட்டிக்கொண்டே "போயிட்டு வரேன்" என்பேன். நீ உள்ளே இருந்து "ம்" என்பாய். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாய். அந்த ஒரு எழுத்துக்கு இத்தனை கனம் இருந்தது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. இப்போது தாளில் ஒரு எண்ணை எழுதிவிட்டுக் கிளம்பும்போது, சொல்லிக்கொண்டு கிளம்புகிற மாதிரி இருக்கிறது.

கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த உன் ஸ்டூலில் இப்போது சாம்பிள் டப்பாக்களை அடுக்கியிருக்கிறேன். காலியாகக் கிடந்தால் வருகிறவர்கள் உட்கார்ந்துவிடுகிறார்கள்.

பாட்டில்காரன்


மே 2

உங்களுக்கு,

கணக்கைப் பார்த்தேன். ஒன்றாம் நம்பரில் என்ன இருக்கிறது என்று சொல்ல மாட்டேன், தூண்டில் போட வேண்டாம்.

இங்கே வேலை நிறைய. நாற்பது வயசுப் பெண் ஒருத்தி வந்து, நெட்டில் பார்த்ததாக உங்கள் அபிஜெனினையே கேட்டாள். "எதுக்கும்மா?" என்றேன். "எதுக்குன்னா, வயசாகாம இருக்கத்தான்" என்றாள். வேறு என்ன மருந்து சாப்பிடுகிறாய், தூங்கப் போகிற நேரம் என்ன, மாலையில் எத்தனை காபி என்று கேட்டுக்கொண்டே போனேன். ஐந்து காபி! அதைப் பாதியாகக் குறைத்துவிட்டு ஒரு மாசம் கழித்து வா என்று அனுப்பிவிட்டேன். கடை முதலாளிக்கு என்மேல் வருத்தம். "நீங்க மருந்து விக்கறீங்களா, வேண்டாம்னு விக்கறீங்களா?" என்கிறார். ஆனாலும் என் கவுண்டரில்தான் வரிசை நீளமாக நிற்கிறது.

நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தேன். பொய் இல்லை. ஆனால் இந்தக் கட்டிலில் சுவரோரமாகத்தான் படுக்கிறேன். மறுபக்கம் காலியாகவே கிடக்கிறது. நடுவில் படுத்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஜூனில் எனக்கு நாலு நாள் விடுப்பு வருகிறது. அங்கே வரலாமா என்று ஒரு யோசனை. வருகிறேன் என்று சொல்லவில்லை. யோசனை என்றுதான் சொல்கிறேன்.

இரண்டாம் நம்பரை ஒழுங்காக முடியுங்கள்.

நான்


மே 16

அன்புள்ள உனக்கு,

இரண்டாம் நம்பரும் முடிந்தது. பதினைந்து நாள் கணக்கும் இதில் இருக்கிறது. நாலு, நாலரை, மூன்றே முக்கால், ஒரு நாள் ஐந்து. ஆக, சரக்கு ஒன்றாம் நம்பரில்தான் என்று இந்த வியாபாரி அடித்துச் சொல்கிறான். சரியா?

நாலு நாளெல்லாம் ஒரு விடுப்பா? வந்து இறங்கி, குளித்து, திரும்பி ஏறுவதற்கே சரியாக இருக்கும். சரி, சரி, பேசவில்லை. நாலு நாள் நாலு நாள்தான். அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. சாத்த முடியாமல் தொல்லை கொடுத்ததே மேற்குப் பக்க ஜன்னல், அதைச் சீவி, இழைத்து, கொக்கி மாற்றிவிட்டேன். குக்கருக்குப் புது வளையம் வாங்கினேன். உன் அலமாரியில் நான் அடைத்துவைத்திருந்த லேபிள் கட்டுகளைக் கிடங்குக்கு ஏற்றிவிட்டேன். திறந்தால் காலியாக இருக்கிறது. அதைப் பார்த்தால் மட்டும் என்னவோ போல இருக்கிறது, அதனால் திறப்பதில்லை.

எந்தத் தேதி, எந்த வண்டி என்று எழுது. வாசலிலேயே நிற்கிறேன்.

உன் பாட்டில்காரன்


மே 23

ஐயா,

இரண்டாம் நம்பர் பொட்டலத்தில் பதினைந்து கேப்சூல் இல்லை. பதின்மூன்றுதான் இருந்தது.

வேண்டுமென்று செய்யவில்லை. அன்றைக்கு உருண்டு ஓடியதில் இரண்டு, கட்டில் காலுக்குப் பின்னால் கிடந்திருக்கிறது. பொட்டலத்தைத் தபாலில் போட்ட மறுநாள் பெருக்கும்போதுதான் பார்த்தேன். எழுதிச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு, எதற்கு, அவரே சொல்வார் என்று விட்டுவிட்டேன். ஒரு பெட்டியில் ஒரு மூடி குறைந்தால் மூன்று போன் போடுகிற மனுஷர், இரண்டு கேப்சூல் குறைந்தால் "என்ன மருந்தாளுநர் அம்மா, எண்ணத் தெரியாதா?" என்று இரண்டு பக்கம் எழுதுவார் என்று காத்திருந்தேன். சொன்னால் உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும், அந்தக் கிண்டலை எதிர்பார்த்துத் தபால்காரரை வாசலில் போய்ப் பார்த்தேன்.

வந்தது பதினைந்து நாள் கணக்கு.

நீங்கள் பொட்டலத்தைப் பிரிக்கவே இல்லை. அதனால் ஒன்றாம் நம்பர் கணக்கையும் எடுத்துப் பார்த்தேன். எல்லாம் அரை, கால், முக்கால். தூக்கம் அப்படிக் கத்தரித்த மாதிரி வருமா? இன்னொன்று, ஒன்றாம் நம்பரில் இருந்தது மாவு. அமோகமாகத் தூங்கியது மாவில்.

அன்றைக்கு ஒரு தாளை மறைத்தீர்கள், நான் போய்விடக் கூடாது என்று. இன்றைக்கு ஒரு தாளை ஜோடித்தீர்கள், நான் வர வேண்டும் என்று. உங்களுக்கு இரண்டும் வேறு வேறாகத் தெரியலாம். எனக்கு ஒரே கைதான் தெரிகிறது.

ஜூனில் நான் வரவில்லை.

மருந்தாளுநர்


மே 30

உனக்கு,

நீ எழுதியது அத்தனையும் சரி. ஒரு கேப்சூலும் போடவில்லை. பொட்டலம் இரண்டும் பிரிக்காமல் மேஜை இழுப்பறையில் இருக்கின்றன.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். சரக்கு வந்தால் முதலில் எண்ணுகிற கை இது. பொட்டலத்தை எடுத்தேன். மேலே உன் எழுத்து: 'சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று'. மடிப்பில் பசை தடவி, விரலால் அழுத்தி ஒட்டியிருக்கிறாய், ரேகை பதிந்திருக்கிறது. பிரித்தால் அது கிழியும். நாளைக்குப் பிரிக்கலாம் என்று வைத்தேன். மறுநாளும் அப்படியே. பிறகு, இது தீர்ந்துபோனால் எனக்கு எழுத என்ன இருக்கிறது, உனக்குப் பதில் எழுத என்ன இருக்கிறது என்று ஒரு பயம் வந்தது. முப்பது கேப்சூல், அதற்குப் பிறகு? நான் நன்றாகத் தூங்குகிறேன் என்று எழுதினால் மருந்தின்மேல் உனக்கு ஒரு சுவாரசியம் வரும், இன்னொரு பாட்டிலுக்கு இடமிருக்கும் என்று கணக்குப் போட்டேன். வயசை மெதுவாக்குகிற மருந்து எனக்கு எதற்கு? இருக்கிற வயசையே இந்த வீட்டில் என்ன செய்வது என்று தெரியவில்லை.

உண்மைக் கணக்கு இது: இரண்டு வருஷமாக மூன்று மணி நேரத்துக்கு மேல் சேர்ந்தாற்போல் தூங்கியது இல்லை.

நோட்டீஸ் விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். அந்தத் தாள் உன் கையில் கிடைத்தபோது, கடையில் வேலை அதிகம், மறந்துவிட்டேன் என்று உன்னிடம் சொன்னேன். மறக்கவில்லை. அந்தக் கவர் வந்த அன்று நீ ஸ்டூலில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தாய். கவரைப் பிரித்துப் படித்தேன். இவள் இதில் கையெழுத்துப் போட்டால் ஒரு நாள் வேறு எங்காவது போய் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நிற்பாள், நான் இந்தக் கடையில் தனியாக இருப்பேன் என்று தோன்றியது. ஃபைலை எடுத்தேன். நீ நிமிர்ந்து, "என்ன கவர்?" என்றாய். "கரண்ட் பில்" என்றேன். நீ குனிந்து எழுத ஆரம்பித்துவிட்டாய். என்னை நம்பி அவ்வளவு சீக்கிரம் நீ குனிந்தது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

வா என்று கேட்கவில்லை. உன்னைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது. அவ்வளவுதான் என்னிடம் இருப்பது.

பாட்டில்காரன்


ஜூன் 27

என்னங்க,

உங்கள் கடிதத்துக்குப் பதில் எழுத நாலு தடவை உட்கார்ந்தேன். முடியவில்லை. அதற்குள் வியாழக்கிழமை நீங்களே வந்துவிட்டீர்கள்.

பத்தே முக்காலுக்கு எங்கள் மருந்துக் கடைக்குள் நுழைந்தீர்கள். நான் ஒரு பெரியவருக்கு இன்சுலின் எப்படிப் போட்டுக்கொள்வது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை, ஆனால் பார்த்துவிட்டேன். சட்டை தொளதொள என்று இருந்தது. முதலில் வேறு யாரோ என்றுதான் நினைத்தேன். டோக்கன் எடுத்துக்கொண்டு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்தீர்கள். கவுண்டருக்கு வந்து ஏதாவது பேசுவீர்கள், என்ன பதில் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் வரவே இல்லை. நான் சொல்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். ஊசியைப் பத்து வரை எண்ணிவிட்டு எடுக்க வேண்டும் என்று அவருக்கு இரண்டாம் தடவை சொல்லிவிட்டுத் திரும்பினேன். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

உங்கள் டோக்கன் நாற்பத்தொன்று. நாற்பதுக்குப் பிறகு நாற்பத்திரண்டைக் கூப்பிட்டேன்.

கவுண்டரில் என்னோடு வேலை செய்கிற பெண் உங்களைக் காட்டி, "யாருக்கா அது, உட்கார்ந்துகிட்டே தூங்குறாரு? உடம்புக்கு முடியலையோ, எழுப்பட்டுமா?" என்றாள்.

"வேண்டாம். எங்க வீட்டுக்காரர். தூங்கட்டும்" என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். இரண்டு வருஷமாக நான் யாரிடமும் அப்படி ஒருவர் இருப்பதாகச் சொன்னதில்லை. பிறகு போய்க் கதவைச் சத்தம் வராமல் சாத்தினாள். அன்றைக்கு வந்தவர்களுக்கெல்லாம் நான் கொஞ்சம் அதிகமாகவே விளக்கம் சொன்னேன் என்று நினைக்கிறேன். பேச்சை நிறுத்தினால் நீங்கள் விழித்துக்கொள்வீர்களோ என்று இருந்தது.

இரண்டு மணி நேரம் இருபத்து மூன்று நிமிஷம். கடிகாரத்தைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

ஒரு மருந்தை எடுக்க உள்ளே போய்விட்டு வருவதற்குள் நாற்காலி காலி. ஏன் போனீர்கள்? ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். நானும் பேசியிருக்கலாம்.

தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே திரும்பி வந்து இருக்க மாட்டேன். இந்த வேலையும் இந்த வரிசையும் எனக்கு வேண்டும். நீங்கள் செய்ததை நான் மறக்கவும் இல்லை. இதற்கு மேல் இப்போது என்னால் எதுவும் சொல்ல முடியாது, நாளைக்கு என்ன என்று எனக்கே தெரியவில்லை.

அந்தப் பொட்டலங்களை இனிமேல் போட வேண்டாம். சூட்டிலும் ஈரத்திலும் இத்தனை நாள் கிடந்தது கெட்டிருக்கும். உங்கள் டாக்டரிடம் தூக்கத்தைப் பற்றி மட்டும் தனியாக ஒரு நாள் போய்ப் பேசுங்கள். மூன்று மணி நேரம் என்பதை அவரிடமும் சொல்லுங்கள், கூட்டாமல் குறைக்காமல்.

அந்த நாற்காலியில் உங்கள் கழுத்து தொங்கியதைப் பார்க்கவே வலித்தது. முதுகு உயரமானதாக ஒன்று வாங்கிப் போடச் சொல்லி முதலாளியிடம் சண்டை பிடித்தேன். புதன்கிழமை வந்துவிடுமாம். ஞாயிறு தவிர எல்லா நாளும் கடை உண்டு.

நான்